பாயிரம் இல்லாத பில்

இந்தியச் சட்டத்தின்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ‘இலக்கியப் படைப்பு’ என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், பிற்காலத் திருத்தங்கள் கணினி நிரல்களையும் உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கின்றன. ஆக சட்டத்தின் கண்ணில் ஒரு நாவலும் ஒரு பில்லிங் சாஃப்ட்வேரும் ஒரே திண்ணையில் இருப்பவை. பதினாலு வருஷமாக நிரல் எழுதிச் சம்பாதிக்கிற எனக்கு இது தெரியவந்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கவிதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பித் திரும்பி வந்த காலம் ஒன்று உண்டு. அப்போதெல்லாம் நான் சட்டப்படி எழுத்தாளன் என்று யாரும் சொல்லவில்லையே.

நிரல் இலக்கியம் என்றால் அதற்கு விமர்சனமும் இருக்கலாம். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நான் எடுத்துக்கொள்ளப்போவது நிரலை அல்ல, நிரலின் தலையில் ஒட்டிக்கொண்டு வரும் உரிமத்தை. உலகத்தில் அதிகம் நகலெடுக்கப்பட்டு மிகக் குறைவாக வாசிக்கப்பட்ட உரைநடை அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் போனை எடுத்து அமைப்புகளுக்குள் போங்கள். போனைப் பற்றிய பகுதியில் சட்டத் தகவல் என்று ஒன்று இருக்கும். அதற்குள் மூன்றாம் தரப்பு உரிமங்கள். தொட்டால் சில நொடி யோசித்துவிட்டுத் திறக்கும். பிறகு விரலால் தள்ளிக்கொண்டே இருக்கலாம், முடியாது. ஒருமுறை மேலநீலிதநல்லூரில் பஸ் ஏறியபோது தள்ள ஆரம்பித்தேன். சங்கரன்கோவில் வந்து இறங்கும்போதும் ‘பி’ வரிசையைத் தாண்டவில்லை. அத்தனையும் பெயர்கள். ஏதோ பல்கலைக்கழகம், யாரோ ஒரு ஃபின்லாந்துக்காரர், ஒரு ஜப்பானியர், பெயரோடு மின்னஞ்சல் மட்டும் போட்டுவிட்டுப் போன ஒருவர். நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் காசு வாங்காமல் வேலை செய்தவர்களின் பட்டியல் அது.

அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும் உரிமம் எம்ஐடி உரிமம். ஆங்கிலத்தில் நூற்று எழுபது சொற்கள் தேறும். மூன்றே பத்தி. முதல் பத்தி எதை வேண்டுமானாலும் செய்துகொள் என்கிறது: நகலெடு, மாற்று, விற்பனைகூடச் செய். இரண்டாவது பத்தி ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறது, இந்த அறிவிப்பையும் என் பெயரையும் கூடவே எடுத்துப் போ. மூன்றாவது பத்தி முழுக்கப் பெரிய எழுத்து. எதற்கும் நான் பொறுப்பில்லை என்பதை அமெரிக்கச் சட்டத்துக்காகக் கண்ணில் குத்துகிற மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது, அதனால் நம்மால் இப்படிக் கத்தவே முடியாது. எனக்கு இந்த உரிமத்தின் நடை பிடிக்கும். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போ என்று மட்டும் சொல்கிறவரின் நடை.

ஜிபிஎல் வேறு வகை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் முதல் பதிப்பை வெளியிட்டார், 1991-இல் இரண்டாவது, 2007-இல் மூன்றாவது. மூன்றாவது பதிப்பின் வரைவை ஒன்றரை வருஷம் உலகத்தின் முன் வைத்துக் கருத்துக் கேட்டார்கள். அந்த வரிசையில் ஒரு மாநாடு 2006 ஆகஸ்டில் பெங்களூரிலும் நடந்தது. அச்சேறும் முன்பே இத்தனை பேர் உட்கார்ந்து வரிக்கு வரி சண்டை போட்ட உரைநடை நம் காலத்தில் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன். அரசியலமைப்புச் சட்டத்தைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஜிபிஎல்லின் முன்னுரையில் ஒரு மனிதரின் குரல் கேட்கிறது. கோபமும் நம்பிக்கையும் கலந்த குரல். உள்ளே போனால் வக்கீலின் குரல் வந்துவிடுகிறது, அதை நான் பாராட்டப்போவதில்லை. ஆனால் அந்த வக்கீல் நடைக்குள்ளும் இரண்டு இடங்கள் என்னை நிறுத்திவிடுகின்றன. முதலாவது, மூலநிரல் என்றால் என்ன என்பதற்கு இரண்டாம் பதிப்பு தரும் விளக்கம். ஒரு படைப்பில் திருத்தம் செய்ய எந்த வடிவம் வசதியோ அதுதான் மூலம். யார் எழுதினார்கள், எது முதலில் வந்தது என்பதெல்லாம் இங்கே பேச்சே இல்லை. அடுத்து வருகிறவன் கை வைப்பதற்கு ஏற்றது எதுவோ அதை மூலம் என்று சொல்வதற்கு ஒரு தனி மனசு வேண்டும். இரண்டாவது, அதே பதிப்பின் ஐந்தாம் பிரிவு. நீ இதில் கையெழுத்துப் போடவில்லை, ஆகவே இதை ஏற்கவேண்டிய கட்டாயம் உனக்கில்லை என்று அதுவே சொல்கிறது. சொல்லிவிட்டு, ஆனால் இதைத் தவிர வேறு எதுவும் உனக்கு மாற்றவோ விநியோகிக்கவோ அனுமதி தரவில்லை என்று முடிக்கிறது. கதவைத் திறந்து காட்டிவிட்டு வெளியே கிணறு இருக்கிறது பார்த்துக்கோ என்கிற மாதிரி.

இதைத் தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் பாதி உண்மை. ஜிபிஎல் முழுக்கக் கட்டுகள். வாங்கிய சுதந்திரத்தை அடுத்தவனுக்கும் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டு. அதற்கு ‘அளிப்புரிமை’ என்ற சொல் இன்னும் பொருத்தமானது. பாரதியின் உதாரணத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பாரதி பாடல்களின் உரிமையை 1949-இல் சென்னை அரசு வாங்கியது, பிறகு பொதுவுக்கு விட்டது. இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், சினிமாவில் வைக்கலாம், வரியை மாற்றியும் பாடலாம். எட்டயபுரத்துக்காரர் தடுக்க முடியாது. ஆனால் அப்படி மாற்றி ஆக்கியதை மற்றவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஜிபிஎல் அந்தக் கட்டாயத்தைச் சேர்த்தது. ஊர்ப் பொதுக் கிணற்றில் இறைத்த தண்ணீரை வண்டியில் ஏற்றி விற்கலாம், கிணற்றுக்குப் பூட்டுப் போட முடியாது.

*

இதெல்லாம் எனக்கு 2017-இல் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. படித்துப் பார்க்கவில்லை என்பதுதான் சரி.

அப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். நூற்பாலைகளுக்கு உற்பத்திக் கணக்கு, இருப்பு, பில் எல்லாம் போடுகிற சாஃப்ட்வேர் எங்களுடையது. மில்லில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே நிறுவிக் கொடுப்போம். ராஜபாளையம் பக்கமெல்லாம் எங்களுக்கு வாடிக்கையாளர்கள். ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. ஜூன் மாதம் முழுக்க நாங்கள் தூங்கியதாக நினைவில்லை. பில் வடிவம் தலைகீழாக மாறியது. பில்லைப் பிடிஎஃப்பாக ஆக்கித் தருவதற்கு ஐடெக்ஸ்ட் என்ற நிரலகத்தின் பழைய பதிப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். டிஜிட்டல் கையொப்பத்துக்குப் புதிய பதிப்பு வசதியாக இருந்தது. ஒரு சொடுக்கில் நான்காம் பதிப்பிலிருந்து ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றினேன். பில் அழகாக வந்தது.

ஐடெக்ஸ்ட் புரூனோ லோவாகி என்ற பெல்ஜியக்காரர் எழுதத் தொடங்கியது. கென்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, 2000-ஆம் ஆண்டுவாக்கில். நெடுநாள் அது தாராளமான உரிமத்தில் இருந்தது. உங்கள் நிரலுக்குள் வைத்து விற்கலாம், நிரலகத்தில் செய்த மாற்றத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். 2009 டிசம்பரில் ஐந்தாம் பதிப்பு வந்தபோது உரிமம் ஏஜிபிஎல் ஆனது. ஏஜிபிஎல் என்பது ஜிபிஎல்லின் கண்டிப்பான அண்ணன். அதை உள்ளே சேர்த்தால் உங்கள் மொத்த நிரலின் மூலத்தையும் பெறுகிறவருக்குத் திறந்து காட்ட வேண்டும், பிடிக்காவிட்டால் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். கூடுதலாக ஒரு சிறு நிபந்தனையும் உண்டு. ஐடெக்ஸ்ட் உருவாக்கும் ஒவ்வொரு பிடிஎஃப்பின் பண்புகள் பகுதியிலும் ‘புரொட்யூசர்’ என்ற இடத்தில் தன் பெயரையும் பதிப்பையும் எழுதிவைக்கும், அதை அழிக்கக் கூடாது.

ஆகஸ்டில் ஒரு மில்லின் கணக்கர் அந்த வரியைப் பார்த்துவிட்டார். எப்படிப் பார்த்தார் என்று இன்றுவரை வியப்புதான். அடைப்புக்குறிக்குள் ஏஜிபிஎல் என்று இருந்ததை ஏதோ திருட்டு சாஃப்ட்வேரின் அடையாளம் என்று நினைத்துப் போன் பண்ணிவிட்டார். எங்கள் டீம் லீடர் என் மேஜைக்கு வந்து, “தம்பி, அந்த வரிய மட்டும் எடுத்து விட்ருங்க” என்றார். மூலநிரல் வெளிப்படையாகக் கிடைப்பதுதானே, இறக்கினேன், வரியைத் தேடினேன், எடுத்தேன், திரும்பத் தொகுத்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. திறந்து வைத்திருந்ததால்தான் என்னால் பெயரை அழிக்க முடிந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

நான்கு வருஷம் அப்படியே ஓடியது. 2020 ஊரடங்கில் நான் மேலநீலிதநல்லூருக்கே வந்துவிட்டேன். கல்லூரிப் பக்கம் மாடி வீடு, ஃபைபர் இணைப்பு, ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு. 2021-இல் கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கப் பேச்சு நடந்தது. வாங்குகிறவர்கள் நிரலை ஒரு வருடு கருவியில் போட்டுச் சலித்தார்கள். எந்தக் கோப்பு யாருடையது, என்ன உரிமம் என்று அது பிரித்துக் கொடுக்கும். எனக்கு ஒரு எக்செல் ஷீட் வந்தது. பாகத்தின் பெயர், பதிப்பு, உரிமம், கடைசியில் ஒரு நெடுவரிசை: மாற்றப்பட்டதா? ஐடெக்ஸ்டுக்கு நேரே ‘ஆம்’ என்று நிரப்பினேன். எதை மாற்றினாய் என்று கேட்கிற நெடுவரிசை இல்லை.

பிறகு நடந்தது எனக்கு மேலே நடந்தது. வணிக உரிமம் வாங்கினார்கள் என்று மட்டும் தெரியும். அன்றிலிருந்து நாங்கள் சட்டப்படி சுத்தம். வணிக உரிமம் இருந்தால் அந்த வரி இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, ஆகவே நான் அழித்த பெயர் அழிந்தபடியே இருந்தது.

*

பவணந்தியின் நன்னூல் பாயிரத்தில் தொடங்குகிறது. எத்தனை விரிவாக இருந்தாலும் பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்பது அவர் கட்சி. சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருக்கவேண்டும் என்று பட்டியல் போடுகிறார். முதலில் செய்தவர் பெயர். அடுத்து ‘வழி’, அதாவது இந்த நூல் எந்த நூலிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இந்த வரிசையை, எக்செல் ஷீட்டை நிரப்பிய மறுநாள் காலை பல் துலக்கும்போது ஞாபகம் வந்து பிரஷ்ஷோடு நின்றேன். பாகத்தின் பெயர், பதிப்பு, உரிமம் என்று அந்த ஷீட் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிப்பது நம் மரபு. முதல்நூலைப் பெரும்பாலும் பின்பற்றி, தான் வேண்டும் மாற்றத்தைச் செய்துகொள்வது வழிநூல். கொஞ்சம் மட்டும் தொட்டுக்கொண்டு மற்றதெல்லாம் வேறாகப் போவது சார்புநூல். வழிநூல் செய்யும் விதத்தைத் தொல்காப்பிய மரபியல் நான்காக்குகிறது: சுருக்குவது, விரிப்பது, இரண்டும் கலந்து செய்வது, மொழிபெயர்ப்பது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் வழிப்படைப்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலும் மொழிபெயர்ப்பும் சுருக்கமும் வருகின்றன. இதைச் சொல்லி, அன்றே நம் முன்னோர்கள் எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று காலரைத் தூக்கிவிடும் ஆள் நானில்லை. நன்னூல் காலத்தில் நகலெடுக்க மாதக்கணக்கில் கை வலிக்க எழுத வேண்டும். பெயரை விட்டுவிட்டால் அது மறதி அல்லது களவு. இன்று நகலெடுக்க ஒரு சொடுக்கு. பெயரை நீக்க இன்னொரு சொடுக்கு.

இருந்தாலும் இந்தப் பிரிவினை என் தொழிலின் தீராத வழக்கொன்றை எனக்குப் புரியவைத்தது. அடுத்தவரின் நிரலகத்தை என் நிரல் கூப்பிட்டுப் பயன்படுத்துகிறது என்றால் என் நிரல் அதற்கு வழிநூலா, சார்புநூலா? ஜிபிஎல் தரப்பு, இரண்டும் ஒன்றாக இணைந்து ஓடுகிறதென்றால் வழிநூல்தான் என்கிறது. கம்பெனி வக்கீல்கள் சார்புநூல் என்று வாதாடிப் பார்ப்பார்கள். எல்ஜிபிஎல் என்ற உரிமம், நூலகமாக மட்டும் பயன்படுத்தினால் சார்புநூலாக வைத்துக்கொள் என்று தானே விட்டுக்கொடுப்பதற்காகவே எழுதப்பட்டது.

உ.வே.சாமிநாதையரின் பதிப்பு முன்னுரைகளை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். பாட்டைப் பற்றிச் சொல்வதற்குச் சமமாக, எந்த ஊரில் யார் வீட்டு ஏடு கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே போகிறார். ஜமீன்தார், மடம், கவிராயர் வீடு, கடிதத்தில் உதவியவர். வெறும் நன்றி அறிவிப்பு இல்லை அது. இந்தப் பாடம் இன்னாரின் ஏட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அடுத்து வருகிறவன் சரிபார்க்க முடியும். போனுக்குள் இருக்கும் பட்டியலுக்கும் வேலை இதேதான், ஆனால் ஐயர் வாசிக்கப்பட வேண்டும் என்று எழுதினார். கம்பெனிகள் அதை யாரும் வந்து சேராத இடத்தில் வைக்கின்றன. அகர வரிசை, சிறிய எழுத்து, தேடும் வசதி கிடையாது. உரிமத்தின் சொல்லை மீறவில்லை, நிச்சயமாக. ஆனால் ஒரு வகைமை என்ற அளவில் இந்த அறிவிப்புப் பக்கங்கள் மோசமான எழுத்து. வாசகன் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுதப்பட்ட எழுத்து வேறெப்படி இருக்கும்.

ஐயர் எங்கள் பக்கமும் வந்திருக்கிறார். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிற கரிவலம்வந்தநல்லூரில், பாண்டியர் காலத்து ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். சிதைந்த பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாக அங்கே சொல்கிறார்கள். ‘என் சரித்திர’த்தில் அந்த இடத்தைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். எரித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல என்பதுதான் அதில் என்னை உறுத்துவது. விதிமுறைப்படிதான் செய்தார்கள். எங்கள் கம்பெனி உரிமம் வாங்கியதும் அப்படித்தான்.

*

இந்தியச் சட்டம் எனக்கு இன்னொரு ஆச்சரியத்தை வைத்திருந்தது. 2012 திருத்தத்தில் 65பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஒரு படைப்பின் பெயர், ஆசிரியர் பெயர், பயன்படுத்தும் நிபந்தனைகள் இவற்றைச் சொல்லும் தகவலை அனுமதி இல்லாமல், தெரிந்தே நீக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். இதைப் படித்தபோது, அந்த வரியைச் செயலிழக்கச் செய்ய நான் அடித்த இரண்டு சாய்கோடுகள்தான் கண்முன் வந்தன. அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் தன்னை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்கிறது. நாவலாசிரியர்களுக்கும் சிற்பிகளுக்கும் நீதிமன்றங்களில் கைகொடுத்த பிரிவு. நிரலும் இலக்கியம்தானே.

பெயர் நீக்குவது பற்றிய வழக்குகளில் எனக்குப் பிடித்தது பொம்மை ரயில் வழக்கு. ராபர்ட் ஜேக்கப்சன் என்ற கலிஃபோர்னிய இயற்பியல்காரர், வீட்டில் பொம்மை ரயில் ஓட்டுகிறவர்களுக்காகத் தன்னார்வலர்களோடு சேர்ந்து இலவச நிரல் எழுதினார். மேத்யூ கேட்சர் என்பவரின் கம்பெனி, தன் காப்புரிமையை மீறியதாகச் சொல்லி ஜேக்கப்சனிடம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. ஜேக்கப்சன் வழக்குப் போட்டார். அப்போது வெளியே வந்தது, அதே கம்பெனி இவருடைய கோப்புகளை எடுத்து, ஆசிரியர் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தன் பொருளில் சேர்த்திருந்தது. கீழ்நீதிமன்றம், உரிமத்தை மீறியது வெறும் ஒப்பந்தப் பிரச்சினை என்றது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது: காசு கைமாறாவிட்டாலும் பெயருக்கும் நிபந்தனைக்கும் பொருளாதார மதிப்பு உண்டு, மீறினால் அது பதிப்புரிமை மீறலே. பொம்மை ரயிலுக்கு இவ்வளவா என்று சிரிக்கலாம். திறந்த உரிமங்கள் வெறும் வேண்டுகோள் அல்ல என்று அமெரிக்காவில் நிலைநாட்டிய தீர்ப்பு அந்தப் பொம்மை ரயிலில்தான் வந்தது.

ஜிபிஎல் வழக்குகள் இன்னும் நீண்ட கதை. லிங்க்சிஸ் ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள், மூலம் வெளியே வந்தது, அதன்மேல் ஓபன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற இயங்குதளம் பிறந்தது. ஜெர்மனியில் ஹரால்ட் வெல்டே 2004-இல் ம்யூனிக் நீதிமன்றத்தில் ஜெயித்தார். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 2021 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் விசியோ டிவி கம்பெனிமேல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி போட்ட வழக்கு. அவர்கள் அதில் நிரல் எழுதியவர்களாக வரவில்லை. டிவி வாங்கியவர்களாக வந்தார்கள். உரிமம் எங்களுக்குத் தருவதாகச் சொன்ன மூலத்தைக் கொடு என்று கேட்டார்கள். அதுவரை இந்த உரிமங்களை எழுதியவனுக்கும் எடுத்தவனுக்கும் இடையிலான விவகாரமாகத்தான் நான் பார்த்துவந்தேன். வாசகனும் அதில் ஒரு தரப்பு என்று அந்த வழக்குதான் எனக்குச் சொன்னது. எங்கள் சாஃப்ட்வேரை வாங்கிய மில்கள் நான்கு வருஷம் எங்களிடம் மூலத்தைக் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்பதை அவர்களுக்குச் சொல்லும் ஒரே வரியைத்தான் நான் எடுத்துவிட்டேன்.

இப்போது அரசாங்கமே பட்டியல் கேட்கிறது. 2024 ஆகஸ்டில் செபியும், அக்டோபரில் செர்ட்-இன்னும், மென்பொருளின் உட்பொருள் பட்டியல் வேண்டும் என்று நெறிமுறை கொண்டுவந்தன. நன்றியுணர்ச்சியில் கேட்கவில்லை, பாதுகாப்புக்காக. ஒரு பாகத்தில் ஓட்டை என்றால் யார் யாரிடம் அது இருக்கிறது என்று தெரியவேண்டும். காரணம் எதுவானாலும் பாயிரம் திரும்பி வருகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மறுதரப்பு நியாயத்தையும் சொல்லவேண்டும். இதைப் பற்றி நண்பனிடம் பேசும்போது, “மொதல்ல சும்மா குடுத்துப் பழக்கிட்டு, எல்லாரும் மாட்டினதும் லைசென்ஸ மாத்தி காசு கேக்கிறது தூண்டில் இல்லாம என்னடே?” என்றான். பதில் சொல்ல நேரம் ஆயிற்று. இரட்டை உரிமம் வைத்துத் தொழில் செய்கிறவர்களில் சிலருக்கு ஏஜிபிஎல் பொறியாகவே பயன்படுகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பழைய பதிப்பு பழைய உரிமத்தோடு அங்கேயேதான் இருந்தது, யாரும் அதைப் பிடுங்கவில்லை. புதியதுதான் வேண்டும், பழைய விலைக்கு வேண்டும் என்றது நான்தான். லோவாகி ஒருத்தர் பத்து வருஷம் எழுதிவிட்டுக் குடும்பம் நடத்தக் காசு கேட்டது எனக்குத் தப்பாகப் படவில்லை. நான் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே அவர் பெயரை அழித்தேன்.

போன ஆடித்தபசுக்கு முந்தின வாரம் சங்கரன்கோவிலில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டு விசைத்தறி வைத்து துண்டு போடுகிறார். ராஜபாளையம் மில்லில் நூல் எடுக்கிறவர். பில் வாட்ஸ்அப்பில் வரும். போனில் பில்லைத் திறக்கத் தெரியவில்லை என்று என்னிடம் நீட்டினார். வடிவத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் பில். ஹெச்எஸ்என் நெடுவரிசையை இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளியது நான்தான். சும்மா இருக்க முடியாமல் என் போனுக்கு அனுப்பிப் பண்புகளைத் திறந்தேன். தலைப்பு இருந்தது, தேதி இருந்தது. புரொட்யூசர் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

“என்னத்த மாப்ள அப்டி உத்துப் பாக்க?”

கதையைச் சொன்னேன். தறிச் சத்தத்தில் பாதி கத்திச் சொல்லவேண்டியிருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு, மடித்து அடுக்கியிருந்த துண்டுகளைக் காட்டினார்.

“இதுல எங்க இருக்கு நம்ம பேரு? ஈரோட்டுக்காரன் லேபிள ஒட்டித்தான் விக்கான். நாங்க என்ன கேசா போட்டோம்?”

“அவங்க காசு குடுக்காங்கள்லா மாமா.”

“குடுக்கான். அந்த வெள்ளக்காரனுக்கு நீங்க நாலு வருசமா என்ன குடுத்தீக?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“சரி, அந்தப் பில்ல அழிச்சிராத. மாசக் கடேசில ஆடிட்டர்ட்ட குடுக்கணும்.”